அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரே ஒரு கேள்வியும்

1997 மே 11, நியூயார்க். ஆறாவது ஆட்டம். வெறும் 19 நகர்த்தல்கள்தான். காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். ஐபிஎம்மின் டீப் ப்ளூ 3½ - 2½ என்ற கணக்கில் ஜெயித்தது. மெஷின் மனிதனைப் போல யோசிக்க ஆரம்பித்துவிட்டது என்று உலகம் முழுக்க ஒரே பேச்சு.

உண்மையில் டீப் ப்ளூ யோசிக்கவெல்லாம் இல்லை. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் புரட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு நிலையிலும் அது திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு குமாஸ்தா கேள்வி: "இந்தக் கட்டத்தை எதிரியின் காய் ஏதாவது தாக்குகிறதா?"

இந்தக் கேள்வியை எவ்வளவு மலிவாகக் கேட்க முடியும் என்பதுதான் ஐம்பது வருட செஸ் புரோகிராமிங்கின் கதை. காஸ்பரோவ் பெயர் எல்லோருக்கும் தெரியும். டீப் ப்ளூ பெயரும் தெரியும். அந்த மெஷினின் தாத்தாவையும் அப்பாவையும் செய்தவர்களில் ஒருவர் பெயர் தாமஸ் அனந்தராமன். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரிடம் வருவதற்கு முன் கொஞ்சம் பலகையைப் பார்த்துவிடலாம். பொறுமையாகப் படியுங்கள், கணக்கு கொஞ்சம்தான்.

கம்ப்யூட்டருக்கு செஸ் பலகை என்று ஒன்று கிடையாது. எண்கள்தான் உண்டு. 1950ல் க்ளாட் ஷானன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு மிக எளிமையான வழி சொல்லியிருந்தார். 64 கட்டத்துக்கு 64 எண்கள். காலிக் கட்டம் 0. வெள்ளைச் சிப்பாய் 1, குதிரை 2, மந்திரி 3, யானை 4, ராணி 5, ராஜா 6. கறுப்புக் காய்களுக்கு இதே எண்கள், மைனஸில். முடிந்தது பலகை.

ஷானன் சொன்னது திட்டம். இங்கிலாந்தில் ஆலன் டூரிங் ஒரு படி மேலே போய் ஒரு புரோகிராமே எழுதிவிட்டார். ஆனால் அதை ஓட்ட மெஷின் கிடைக்கவில்லை. அதனால் 1952ல் அவரே பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து மெஷின் வேலையைப் பார்த்தார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம்! எதிரே ஆடியவர் அலிக் க்ளென்னி. 29 நகர்த்தலில் டூரிங்கின் "மெஷின்" தோற்றது. அரை மணி நேரம் எங்கே போனது என்று யோசித்தால் நம் கேள்விக்கே வந்து சேர்வோம். எந்தக் காய் எங்கே போகும், போன இடத்தில் யார் அடிப்பார்கள் என்று பார்ப்பதிலேயே பெரும்பாலான நேரம் கரைந்திருக்கும்.

சரி, 64 எண்கள் போட்டாயிற்று. இங்கேதான் முதல் வில்லங்கம். கட்டங்களுக்கு 0 முதல் 63 வரை எண் கொடுத்தால், வலப்பக்கம் ஒரு கட்டம் நகர 1 கூட்ட வேண்டும், மேலே நகர 8 கூட்ட வேண்டும். எச்1 கட்டத்தின் எண் 7. அங்கே நிற்கும் யானைக்கு 1 கூட்டினால் 8. அது ஏ2! பலகையின் வலது ஓரத்தில் விழுந்த யானை, இடது ஓரத்தில் ஒரு வரிசை மேலே முளைத்துவிட்டது. மனிதன் கண்ணுக்கு ஓரம் தெரியும். எண்ணுக்குத் தெரியாது.

இதற்கு புரோகிராமர்கள் கண்டுபிடித்த வைத்தியம் நம் தோட்டக்காரர்கள் செய்வதுதான். சுற்றி வேலி போட்டார்கள். 64 கட்டத்துக்குப் பதில் 120 கட்டம், 10 பத்தி, 12 வரிசை. மேலே இரண்டு வரிசையும் கீழே இரண்டு வரிசையும் பக்கத்துக்கு ஒரு பத்தியும் வெறும் வேலி. அங்கே கால் வைத்தால் "வெளியே" என்று ஒரு எண் எழுதியிருக்கும். குதிரை இரண்டு கட்டம் தாண்டுமே, பக்கத்தில் ஒரு வேலி போதுமா என்று கேட்கலாம். போதும். வலது வேலியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த வரிசையின் இடது வேலியில்தான் விழும். (கிளுவை வேலி போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கும்.)

இன்னொரு சிக்கல். இந்தப் பலகையிடம் "இ4ல் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "கறுப்பு யானைகள் எங்கே?" என்று கேட்டால் எல்லாக் கட்டத்தையும் தேட வேண்டும். அதனால் காய்வாரியாக இரண்டாவது ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டார்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. குறிப்பேடு தேதிவாரி, பேரேடு கணக்குவாரி. ஒரே நடவடிக்கையை இரண்டிலும் பதிய வேண்டும். பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் இருப்பாய்வு டேலி ஆகாது. செஸ் புரோகிராமில் டேலி ஆகாவிட்டால் வெட்டுப்பட்ட குதிரை பேயாக வந்து செக் கொடுக்கும்!

இப்போது நம் கேள்வி. ஒரு நகர்த்தல் செல்லுமா என்று முடிவு செய்ய, நகர்த்திய பின் நம் ராஜா தாக்குதலில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்பாவித்தனமான வழி ஒன்று உண்டு. எதிரியின் எல்லாக் காய்களையும் எல்லா வழியிலும் நகர்த்திப் பார்த்து, ஏதாவது ஒன்று ராஜா மேல் வந்து விழுகிறதா என்று பார்ப்பது. நடு ஆட்டத்தில் சுமார் 35 நகர்த்தல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரியின் 35ஐயும் பார்த்தால் கதை கந்தல்.

புத்திசாலித்தனமான வழி தலைகீழானது. ராஜா நிற்கும் கட்டத்தில் இருந்தே வெளியே பார்ப்பது. ராஜாவைக் கொஞ்ச நேரம் குதிரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குதிக்கக்கூடிய கட்டங்களில் எதிரிக் குதிரை நிற்கிறதா? நின்றால் செக். பிறகு யானை என்று நினைத்து நாலு பக்கமும் பார்வை ஓட்டுங்கள். முதலில் தட்டுப்படும் காய் எதிரியின் யானையோ ராணியோ என்றால் செக். பிறகு மந்திரியாக மூலைவாட்டில். நான் உன்னைத் தொட முடிந்தால் நீ என்னைத் தொட முடியும் என்ற சமச்சீர்மைதான் ரகசியம். (சிப்பாய் மட்டும் விதிவிலக்கு, அது ஒரு திசையில்தான் வெட்டும்.) எட்டுத் திசை, எட்டுக் குதிரைக் கட்டம், வேலை முடிந்தது.

இதைவிடச் சுருக்க முடியுமா? முடிந்தது. அந்த யோசனை புரிய வேண்டுமானால் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் காதைப் பிளக்கும் சத்தத்தோடு காடா துணி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாவு நூல்களில் பாதி மேலே எழும்பும், பாதி கீழே இறங்கும். நடுவில் திறக்கும் வழியில் நாடா ஒரே வீச்சில் பாய்ந்து ஊடையைப் போட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு நூலிடமும் நின்று "நீ மேலேயா, கீழேயா?" என்று நாடா கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மீட்டர் துணி நெய்ய ஒரு மாதம் ஆகும். மேலே என்றால் 1, கீழே என்றால் 0. அத்தனை நூலுக்கும் சேர்த்து ஒரே அடி.

செஸ்ஸில் இதற்குப் பெயர் பிட்போர்டு. கம்ப்யூட்டரின் ஒரு பெரிய எண்ணில் 64 பிட்கள் இருந்தால், கட்டத்துக்கு ஒரு பிட். "கறுப்புக் குதிரைகள்" என்று ஒரு எண். குதிரை நிற்கும் கட்டத்தில் 1, மற்றதெல்லாம் 0. இப்படி ஆறு வகைக் காய், இரண்டு நிறம், மொத்தம் 12 எண்கள். இ1ல் இருந்து ஒரு குதிரை எங்கெல்லாம் குதிக்கும் என்பது மாறவே மாறாது: சி2, டி3, எஃப்3, ஜி2. அந்த நாலு இடத்தில் 1 போட்ட எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். வெள்ளை ராஜா இ1ல் நிற்கிறாரா? அந்த எண்ணையும் கறுப்புக் குதிரைகளின் எண்ணையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தை மட்டும் எடுங்கள். பூஜ்யம் வந்தால் பயமில்லை. வேறு எது வந்தாலும் செக். ஒரே கட்டளை! எட்டுச் சிப்பாய்களும் எந்தெந்தக் கட்டத்தைத் தாக்குகின்றன என்பதும் அப்படியே. மொத்த எண்ணையும் 7 இடமும் 9 இடமும் நகர்த்தி, ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும்.

இந்த யோசனை முதலில் வந்தது செஸ்ஸுக்கு அல்ல. 1952லேயே கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி டிராஃப்ட்ஸ் ஆட்டத்துக்கு இப்படிச் செய்துவிட்டார். அதில் காய் நிற்கும் கட்டங்கள் 32தான். செஸ்ஸுக்கு 1960களின் கடைசியில் மாஸ்கோவில் ஒரு குழு கொண்டுவந்தது. அவர்களின் கைஸ்ஸா 1974ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியை ஜெயித்தது. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லேட்டும் அட்கினும் தங்கள் புரோகிராமில் இதையே செய்தார்கள். அவர்கள் மெஷினில் ஒரு எண்ணுக்கு 60 பிட்தான். நாலு பிட் குறைச்சல்! ஒரு பலகைக்கு இரண்டு எண் எடுக்க வேண்டியதாயிற்று. அதிர்ஷ்டம் சில சமயம் இப்படித்தான் நாலு அங்குலத்தில் தவறும்.

ஆனால் ஒரு தலைவலி தீரவில்லை. யானை, மந்திரி, ராணி. குதிரை எங்கே குதிக்கும் என்பது நடுவில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இல்லை. யானை எவ்வளவு தூரம் போகும் என்பது முழுக்க அதைப் பொறுத்தது. இந்த மூன்றுக்கும் மறுபடி கட்டம் கட்டமாக நடந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

பெல் லேபில் கென் தாம்ப்சனும் (யூனிக்ஸ் எழுதிய அதே தாம்ப்சன்தான்) ஜோ காண்டனும் இதற்கு வேறு பதில் சொன்னார்கள். மெமரியில் பலகை எதற்கு? பலகையையே மின்சுற்றாகக் கட்டிவிடு! அவர்களின் பெல் மெஷினில் 64 கட்டத்துக்கும் தனித்தனிச் சுற்று. ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபரப்பி, ஒரு வாங்கி. யானை நிற்கும் கட்டம் நாலு பக்கமும் சிக்னல் அனுப்பும். காலிக் கட்டம் அதை அப்படியே அடுத்த கட்டத்துக்குக் கடத்தும். காய் நிற்கும் கட்டம் நிறுத்திவிடும். ஆட்டத்தின் விதி அப்படியே கம்பியில்!

அதிலும் ஒரு நுணுக்கம். முதலில் நம் காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிக்னல் அனுப்பும். சிக்னல் வந்து சேர்ந்த எதிரிக் காய்கள் கையைத் தூக்கும். அவற்றில் விலை அதிகமானதை ஒரு சுற்று தேர்ந்தெடுக்கும். அடுத்து, அந்தக் கட்டத்தில் இருந்து எல்லாத் திசையிலும் சிக்னல் திரும்பக் கிளம்பும். அதைத் தொடக்கூடிய நம் காய்கள் கையைத் தூக்கும். இந்தத் தடவை விலை குறைந்தது தேர்வாகும். சிப்பாயைக் கொடுத்து ராணியை வாங்கும் வியாபாரம் முதலில் பார்க்கப்பட்டால், உதவாத நகர்த்தல்களைப் பார்க்காமலே கழித்துவிடலாம். நொடிக்கு 1,60,000 நிலைகள். 1980ல் உலகக் கம்ப்யூட்டர் சாம்பியன். 1983ல் மாஸ்டர் தரம் பெற்ற முதல் மெஷின்.

இனி பிட்ஸ்பர்க், கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1980களின் நடுவில் அங்கே ஹான்ஸ் பெர்லினரின் குழு ஹைடெக் என்ற மெஷினைக் கட்டியிருந்தது. கட்டத்துக்கு ஒரு சிப், மொத்தம் 64 சிப். அதே பல்கலையில் தைவானில் இருந்து வந்திருந்த ஃபெங் ஷியுங் ஷு என்ற ஆராய்ச்சி மாணவர், பெல் மெஷினின் முறையைக் கையில் எடுத்து, 64 சிப்பின் வேலையை ஒரே சிப்பில் அடக்கிவிடலாம் என்று 1985ல் வேலையை ஆரம்பித்தார். அடக்கியும் காட்டினார்.

சிப் மட்டும் இருந்தால் ஆட்டம் ஆட முடியாது. அது நகர்த்தல்களைக் கொட்டும். எதை நம்புவது, எதை எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அனந்தராமன். பேச்சை அடையாளம் காணும் வன்பொருளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கையில் சொந்தமாக எழுதிய செஸ் புரோகிராம் ஒன்று இருந்தது. ஷுவின் சிப்பும் அவர் புரோகிராமும் சேர்ந்து சிப்டெஸ்ட் ஆனது. 1986ல் முதல் போட்டிக்குப் போனபோது நொடிக்குச் சுமார் 50,000 நிலைகள். அடுத்த வருடம் நாலு லட்சத்துக்கும் மேல். 1987 வட அமெரிக்கக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியில் நாலுக்கு நாலு.

பெர்லினர் குழுவில் இருந்த மர்ரி கேம்ப்பெலும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். மூவரும் சேர்ந்து கொண்டுவந்த முக்கியமான யோசனை ஒன்று உண்டு. ஒரு நிலையில் ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட மிக நல்லதாக இருந்தால், அங்கே ஏதோ அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். ராஜாவைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது என்பது போல. அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஆழமாகத் தோண்டு. எல்லா இடத்திலும் சமமாகத் தோண்டும் மெஷினுக்கு, எங்கே பதற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த வேலை இது. இப்படிப்பட்ட தேர்ந்தெடுத்த தேடல்கள் நிஜமாகவே உதவுகின்றனவா என்பதைப் புள்ளிவிவர முறையில் ஆராய்ந்ததுதான் அனந்தராமன் 1990ல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு.

சிப்டெஸ்ட்டின் வாரிசு டீப் தாட். நொடிக்குச் சுமார் 7 லட்சம் நிலைகள். 1988 நவம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த போட்டியில் டென்மார்க்கின் பென்ட் லார்சனைத் தோற்கடித்தது. முறையான போட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கிராண்ட்மாஸ்டரை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதே 1988ல்தான் நம் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தச் செய்தி இங்கே கொண்டாடப்பட்டது, கொண்டாடப்பட வேண்டியதும்தான். பிட்ஸ்பர்க்கில் இன்னொரு இந்தியர் இருந்த குழு கிராண்ட்மாஸ்டர்களின் காலத்துக்கே மணியடித்துக்கொண்டிருந்தது கொண்டாட்டத்துக்குள் வரவில்லை. 1989ல் டீப் தாட் உலகக் கம்ப்யூட்டர் சாம்பியனும் ஆனது. அதே அக்டோபரில் காஸ்பரோவிடம் 2 - 0 என்று உதையும் வாங்கியது :)

ஷுவையும் கேம்ப்பெலையும் ஐபிஎம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அனந்தராமனும் கொஞ்ச காலம் அங்கே இருந்தார். பிறகு விலகி நிதித்துறைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஜோ ஹோன் வந்தார். 1997ல் டீப் ப்ளூ ஜெயித்தபோது, உலக சாம்பியனைத் தோற்கடிக்கும் மெஷினுக்கென்று அறிவிக்கப்பட்டிருந்த 1,00,000 டாலர் ஃப்ரெட்கின் பரிசு ஷு, கேம்ப்பெல், ஹோன் மூவருக்கும் போனது. அதில் அநியாயம் எதுவும் இல்லை. எட்டு வருடம் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அவர்கள். பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஓடியவர்தான் நாடாவை அறுப்பார். ஆனால் கட்டுரைக்குக் கட்டுரை டீப் ப்ளூவின் 480 சிப்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்த மரத்தின் வேர் ஒரு மாணவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது என்பதையும், அங்கே மென்பொருளை எழுதியவர் யார் என்பதையும் ஒரு வரியில் சொன்னால் குறைந்து போய்விட மாட்டார்கள். அனந்தராமன் பின்னாளில் மரபணு வரைபடங்களைத் தயாரிக்கும் கணித முறைகளில் வேலை செய்தார்.

அந்த 480 சிப்புக்குள்ளும் நகர்த்தல்களைக் கண்டுபிடிக்கும் பகுதி 8க்கு 8 என்ற சுற்றுகளின் கட்டம்தான். தாம்ப்சன் போட்ட பாதை.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு சிப் செய்ய வசதி இல்லை. 2003ல் 64 பிட் புராசசர்கள் சாதாரண பிசிக்கே வந்துவிட்டன. கட்டத்துக்கு ஒரு பிட், சரியாக 64! ஸ்லேட்டுக்கும் அட்கினுக்கும் கிடைக்காத அந்த நாலு பிட். மீதமிருந்தது அந்தப் பழைய யானைத் தலைவலி மட்டும்தான்.

தீர்வு வட்டி அட்டவணை மாதிரி. ஒவ்வொரு முறையும் கூட்டுவட்டி போடுவதற்குப் பதில், எல்லா விடையையும் முன்பே போட்டு வைத்துக்கொண்டு தேவைப்படும்போது பார்த்துக்கொள்வது. ஏ1ல் நிற்கும் யானைக்குக் குறுக்கே நிற்கக்கூடிய, கணக்கில் வரும் கட்டங்கள் 12. (கடைசிக் கட்டத்தில் யார் நின்றாலும் யானை அதுவரை போகும், அதனால் அது கணக்கில் இல்லை.) 12 கட்டம் என்றால் 4,096 விதமான நெரிசல். எல்லாவற்றுக்கும் விடை எழுதி வைக்கலாம். ஆனால் அந்த 12 பிட்டும் 64 பிட் எண்ணுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. அட்டவணையில் எத்தனாவது வரி என்று சொல்ல அவை ஒன்றுசேர வேண்டுமே?

2006ல் லாஸ்ஸெ ஹேன்சன் ஒரு வேடிக்கையான வழி காட்டினார். அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கு. சிதறிய பிட்கள் மேல் ஓரத்துக்கு வந்து கூடிவிடும். அந்தக் குறிப்பிட்ட எண்ணுக்குப் பெயரே மாய எண். அதைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ எண்களைப் போட்டுப் பார்த்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்! 2007ல் இந்த முறையைத் தெளிவாக விளக்கிக் கட்டுரை எழுதி, அட்டவணையையும் சிக்கனமாக அடுக்கிக் காட்டியவர் பெயர் பிரத்யும்ன கண்ணன். பஸ் என்ற செஸ் புரோகிராமை எழுதியவர். அந்த அடுக்கில் யானைக்கு 1,02,400 வரிகள், மந்திரிக்கு 5,248 வரிகள். ராணிக்குத் தனியாக வேண்டாம், இரண்டையும் சேர்த்தால் ராணி. மொத்தமும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

2006 கடைசியில் ஜெர்மனியின் பான் நகரத்தில் உலக சாம்பியன் க்ராம்னிக்கை டீப் ஃப்ரிட்ஸ் 4 - 2 என்று தோற்கடித்தது. அதற்கென்று செய்த சிப் எதுவும் இல்லாத, கடையில் கிடைக்கும் வகைக் கம்ப்யூட்டரில். 2008ல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் மாய எண்களைத்தான் பயன்படுத்தியது. 2020ல் அதன் மதிப்பீட்டுப் பகுதிக்கு நியூரல் நெட்வொர்க் வந்து சேர்ந்த பிறகும், யானை எங்கே போகலாம், ராஜா தாக்குதலில் இருக்கிறாரா என்ற வேலை பிட்போர்டுகளிடமே இருந்தது. இன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் செஸ் ஆடுகிற பையன் யானையைத் தொடும்போது, டூரிங் பென்சிலோடு தேடிய அந்த விடை ஒரு பெருக்கலிலும் அட்டவணையில் ஒரு பார்வையிலும் வந்து விழுகிறது.